செல்வியின் கண்ணைப் பெரிதாக வரைந்த விவகாரம்

ஆரம்பாக்கம்
12-6-78

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் துளசிராமன் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் தணிகாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் பூவம்மாவும் தங்கள் சின்னத் தங்கை செல்வியும் சுகம் என்று எழுதப் போனேன். பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பூவம்மா, "பொய்யி எழுதாத, உள்ளத உள்ளபடி எழுது" என்றாள். ஆகையால், உடம்புக்கு சுகம். அவ்விடம் பிலாயில் தாங்களும் தங்கள் வீட்டாரும் அந்த வெயிலிலும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

செல்விக்குப் பார்த்த ஆரணி சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அது முறிந்துவிட்டது. ஏன் முறிந்தது என்று தரகர் தங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிவிடுவது நல்லது. அவர் எழுதினால் அதில் அவர் பேரில் ஒரு தப்பும் இருக்காது.

நான் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருப்பது தங்களுக்குத் தெரியும். போன வருஷக் கடைசியில் புது மிஷின் பூட்ட ஜப்பானிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார். பேர் நகமுரா. எங்கள் ஆட்கள் வாயில் அது சீக்கிரமே நாகமுத்து ஆகிவிட்டது. அவரும் நாகமுத்து என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். என் ரூமில் ஃபேன் இருப்பதால் சாப்பாட்டு நேரத்தில் அங்கே வந்து உட்கார்ந்து, செங்கல் கனத்துக்கு ஒரு புஸ்தகம் படிப்பார். முழுக்கப் பொம்மைப் படம். அதில் எல்லோருக்கும் கண்ணே முகத்தில் பாதி, அந்தக் கண்ணுக்குள்ளே நட்சத்திரம் மாதிரி வெளிச்சம், மூக்கு என்று பார்த்தால் ஒரு புள்ளி. ஒருநாள் எனக்கும் ஒன்று கொடுத்தார். பிரித்தேன். முதலில் ஒருத்தன் செத்துக் கிடக்கிறான், எல்லோரும் அழுகிறார்கள், அப்புறம் செத்தவனே எழுந்து சண்டை போடுகிறான், அப்புறம் ஒரு பெண்ணோடு பேசுகிறான், கடைசியில் பள்ளிக்கூடம் போகிறான். அவர்கள் ஊர் வழக்கம் அப்படி போலிருக்கிறது என்று நானும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நாகமுத்து சார்தான் சிரித்துக்கொண்டே புஸ்தகத்தை வாங்கி மறுபக்கமாகத் திருப்பிக் கையில் வைத்தார். நமக்குக் கடைசிப் பக்கம்தான் அவர்களுக்கு முதல் பக்கமாம்.

அதிலிருந்து எனக்கும் வரைய ஆசை வந்துவிட்டது மச்சான். வேறு கெட்ட பழக்கம் எதுவும் எனக்கு இல்லை என்பது தங்களுக்கே தெரியும். பார்சல் சுற்றி வரும் காக்கிக் காகிதத்தில் சார் சொல்லிக் கொடுத்தார். முதலில் ஒரு வட்டம், அதன் நடுவே குறுக்கே ஒரு கோடு, அந்தக் கோட்டின் மேல் கண். நான் மூக்கு போட்டால் "நோ நோ, ஸ்மால்" என்பார். கண் போட்டால் "நோ நோ, பிக்" என்பார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் பாடம் தடையில்லாமல் நடந்தது. மிஷின் ஓட ஆரம்பித்ததும் அவர் ஊருக்குப் போய்விட்டார். நான் விடவில்லை. பயந்தவன் நெற்றியில் ஒரு வியர்வைத் துளி, கோபக்காரன் தலைக்கு மேலே ஆவி, ஓடுகிறவன் பின்னால் கோடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தேன். சூப்பர்வைசரைத் தலையில் ஆவியோடு ஒரு மரப்பெட்டி மேல் சாக்பீஸால் வரைந்து அழிக்க மறந்துவிட்டேன். அவர் வந்து "யாருய்யா இது?" என்று கேட்டார். வாட்ச்மேன் சும்மா இருக்கக்கூடாதா? "உங்கள மாதிரியே கீது சார்" என்று சொல்லிவிட்டான். எனக்கு மெமோ வந்தது. அப்புறம் பக்கத்து வீட்டு கங்கம்மாவின் எருமையை எங்கள் சுவரில் கரித்துண்டால் இமை மயிரெல்லாம் வைத்து வரைந்தேன். மறுநாள் அது பால் கறக்கவில்லை. "உன் கண்ணு பட்டுதான் மடி வத்திப் போச்சி, அழிடா அத்த" என்று கங்கம்மா வாசலில் வந்து நின்றுகொண்டாள். அழித்தேன். அன்றைக்கு சாயங்காலமே எருமை கறந்தது. அதனால் தெருவில் எனக்கு ஒரு பேர் உண்டாகிவிட்டது, நல்ல பேர் என்று சொல்ல முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆரணிக்காரர்கள் பெண் போட்டோ கேட்டார்கள். கும்மிடிப்பூண்டி ஸ்டூடியோவுக்கு செல்வியைக் கூட்டிப் போனேன். அந்த லைட்டு பளிச்சென்று அடித்ததும் இவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி எடுத்ததிலும் மூடிக்கொண்டாள். தூங்குகிற பெண்ணை எந்த மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவது? தரகர் வேறு வாசலில் நின்று, "இன்னிக்கே படம் போவணும், இல்லன்னா வேற பொண்ணு பாத்துக்குவாங்க" என்று அவசரப்படுத்தினார். நான் உட்கார்ந்து செல்வியை வரைந்து, பென்சிலால் கலரும் கொடுத்தேன். கண் கொஞ்சம் பெரிதாகத்தான் வந்துவிட்டது. கை அப்படிப் பழகிவிட்டது மச்சான். உள்ளே நட்சத்திரமும் விழுந்துவிட்டது. பூவம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அய்ய, எவ்ளோ ஷோக்கா கீறா, இத்தையே குட்து அனுப்பு" என்றாள். பூவம்மா மேல் நான் பழி போடவில்லை. ஆனால் சொன்னாள். தரகர் அதைக் கொண்டுபோய், மெட்ராஸ் ஸ்டூடியோவில் போட்டோவுக்குக் கலர் பூசி வாங்கினது என்று சொல்லியிருக்கிறார். செல்வியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பூவராகவன், ஆரணியில் பம்புசெட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், தங்கமான பிள்ளை. கூட வந்தது அவர் தாயார் கெங்கம்மாள். அந்தம்மாதான் அந்த வீட்டுக்கு எல்லாம். செல்வி காபி கொண்டு வந்து வைத்தாள். கெங்கம்மாள் பையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தாள், செல்வியைப் பார்த்தாள், உள் ரூமை எட்டிப் பார்த்தாள். "சரி, பொண்ண கூப்புடுங்க" என்றாள்.

"இவதாம்மா பொண்ணு" என்றாள் பூவம்மா.

"இவளா? அப்போ படத்துல கீறவ யாரு? அவள எங்க ஒளிச்சி வச்சிக்கினு கீறீங்க? ஒருத்தியக் காட்டி ஒருத்தியத் தள்ளி உடப் பாக்கறீங்களா?"

தரகர் உடனே எழுந்து, "உள்ள இருட்டா கீதும்மா, அதான். வெளிய வெளிச்சத்துல பாத்தா கண்ணு பெருசாத் தெரியும்" என்று எல்லோரையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உச்சி வெயில் மச்சான். வெயிலில் நின்றால் யாருக்கும் கண் இடுங்கும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாதா? உள்ளே இருந்த அளவு கண் கூட வெளியே இல்லை. தெரு சேர்ந்துவிட்டது. நான் முன்னால் போய், "தப்பா நெனச்சிக்காதீங்க, வேற பொண்ணு யாருமில்ல, படத்த வரைஞ்சது நான்தான்" என்றேன். "நீயா? எங்க, வரைஞ்சி காட்டு பாக்கலாம்" என்றாள் கெங்கம்மாள். "என்னியே வரை."

இங்கேதான் நான் யோசித்திருக்க வேண்டும். பொய்யாக வரைந்ததால்தானே இத்தனை பேஜாரு, இனி உள்ளதை உள்ளபடியே வரைவோம் என்று முடிவு பண்ணி, அந்தம்மாவின் முன்பல், தாடையில் இருக்கிற மரு, மூக்கு விடைத்திருந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வரைந்து, நிஜமாகவே கோபமாக இருந்ததால் தலைக்கு மேலே ஆவியும் போட்டேன். மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "யம்மா, அப்டியே நீதான்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் தவறி வந்துவிட்டது. பக்கத்து வீட்டு எருமைக்காரி கங்கம்மா முதலில் சிரித்தாள், அப்புறம் தெருவே சிரித்தது. பொய்யாக வரைந்ததற்கு வந்த கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. காகிதத்தைக் கசக்கி என் மேல் எறிந்துவிட்டு, "இந்த ஊட்டு வாசப்படிய இனிமே மிதிச்சா கேளு" என்று கெங்கம்மாள் கிளம்பினாள். போகிற வழியில் செல்வி முன்னால் நின்று, "கண்ணா அது, கோடு இழுத்த மாதிரி" என்றாள்.

செல்வி தலை குனியவில்லை மச்சான். "சின்னதுதாங்க. ஆனா இந்தக் கண்ணுலயே எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மாப்பிள்ளை போனவர் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு எல்லோரும் என்னை ஏசினார்கள். செல்வி மட்டும் ஏசவில்லை. அதுதான் தாங்கவில்லை. மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, நாஷ்டா டப்பாவைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க ஏசனது கூட பரவால்ல மாமா. உள்ள வந்ததும் என்னைப் பாத்துட்டு அவங்க மூஞ்சி தொங்கிப் போச்சி பாரு, அத்த நான் பாத்துட்டேன்." டப்பாவை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன். கம்பெனியில் அன்றைக்கு வந்த சரக்கையெல்லாம் மாற்றி மாற்றி அடுக்கிவிட்டு மறுபடி பிரித்தேன். அவளுக்கு இருக்கிற முகம் போதாது என்று நானே சொன்னது போல ஆகிவிட்டது. அழகாக்குவதாகத்தான் நினைத்தேன்.

ஆகையால் பென்சிலையெல்லாம் அடுப்பில் போட்டாகிவிட்டது. புஸ்தகத்தைப் பழைய பேப்பர்காரனிடம் தள்ளிவிட்டேன். இனி இந்தக் கையால் ஸ்டோர்ஸ் கணக்கு தவிர வேறு எதையும் எழுதுவதாகவோ கிறுக்குவதாகவோ இல்லை. இந்த சம்பந்தம் இனி ஒட்டாது. அந்தம்மா கோபம் ஆறுகிற ஜாதி இல்லை. தாங்கள் பிலாயிலேயே நம்ம பக்கத்துப் பையன் யாராவது இருந்தால் பார்க்கவும். செல்வியைக் கோபித்து எழுத வேண்டாம். என்னைக் கோபித்து எழுதலாம்.

பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் குடும்பம் ஆலமரம் போல் தழைத்து, தாங்கள் வேலை பார்க்கும் இரும்பாலை உலை அணையாமல் எரிய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பைக் கோரும்
தணிகாசலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் வாசலில் கெங்கம்மாளும் மாப்பிள்ளையும் தட்டு, பூ, பழத்தோடு வந்து நின்றார்கள். பையன் கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று அங்கே சரியாகச் சாப்பிடாமல் கடையும் திறக்காமல் இருந்தாராம். கெங்கம்மாள் செல்வியைப் பக்கத்தில் உட்கார வைத்து, இந்தத் தடவை படம் இல்லாமல் ரொம்ப நேரம் பார்த்தாள். "கண்ணு சின்னதுதான். பார்வ நல்லா கீது" என்றாள். செல்வியும் மாப்பிள்ளையை நேராகவே பார்த்துவிட்டு சம்மதம் என்றாள். ஆவணியில் முகூர்த்தம். ஆகையால் மேலே எழுதியதைத் தாங்கள் படிக்க வேண்டியதில்லை, லீவு மட்டும் போட்டுவிடவும். இன்னொன்று. கிளம்பும்போது கெங்கம்மாள் என்னைக் கிணற்றடிக்கு ஓரமாகக் கூப்பிட்டு, "எனக்கு சந்திரகலான்னு ஒரு பொண்ணு கீறா, அவளுக்கும் எடம் வந்துகினு கீது. ஒரு படம் போட்டுக் குடு. கண்ணு கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்" என்றாள். நான் திருதிருவென்று விழித்தேன். அங்கே காபி டம்ளர் கழுவிக்கொண்டிருந்த செல்வி நிமிர்ந்து பார்க்காமலே, "வரைஞ்சி குடு மாமா. ஆனா மொதல்ல அந்தப் பொண்ணக் கேட்டுக்கினு வரை" என்றாள். கேட்பதற்காக ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போகிறேன்.