லைல் தூக்காத விரல்

எங்கள் ஊரில் வண்டி ஓட்டும்போது எதிரே யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கவேண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அதற்கு மேல் அன்பு காட்டினால் சந்தேகப்படுவார்கள்.

லைல் பெக்கர் மாட்டுத்தீவனக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டே ஊர்க்கவலையெல்லாம் கேட்டவர். "சும்மா கேக்கிறதைப் படிச்சுட்டுக் கேட்டா காசாவது வரும்ல?" என்றாள் மனைவி டார்லீன். அவரும் படித்து, மாநில அரசின் உரிமம் பெற்ற மனநல ஆலோசகராகி, என் காபிக்கடைக்கு எதிரே பலகை மாட்டினார்.

உரிமத்தோடு ஒரு விதியும் வந்தது. தம்மிடம் வருவோரின் அந்தரங்கம் காக்கும்பொருட்டு, வெளியிடங்களில் ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம் தெரிவிக்கலாகாது.

பன்றிப்பண்ணை வெர்ன் எதிரே வந்தபோது லைல் விரலைத் தூக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. வெர்ன் என் கடையிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ரகசியமாத்தானேடா உங்கிட்ட வந்தேன்? ஊருக்கே சொல்லிட்டியே!"

"நான் வாயே திறக்கலையே, வெர்ன்!"

"விரலைத் தூக்கலையேடா, பாவி!"

புகார் தலைநகருக்குப் போனது. அங்கிருந்து வந்த அதிகாரி என் கடையில் ஆப்பிள் கேக் தின்றுகொண்டே ஆழ்ந்து ஆராய்ந்து தீர்ப்பளித்தார்: "ஒருவருக்கு மட்டும் தூக்காததால்தானே பிரச்சினை? சமநீதியின் அடிப்படையில், இனி எவருக்குமே தூக்கலாகாது."

லைல் அப்படியே நடந்துகொண்டார். 'நான் என்ன தப்புப் பண்ணேன்?' என்று ஒவ்வொருவராக மனசு உடைந்து, அவரிடமே போய்க் காசு கொடுத்து அழுதோம். நானும்தான். மக்களிடையே மனநல விழிப்புணர்வு பெருகியதற்காக அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

டார்லீன் மட்டும் போகவில்லை. மளிகைக்கடையில் முட்டை அலமாரி முன்னால் லைல் அவளையும் யாரோபோலக் கடந்து போனார். அன்றைக்கு நேரே அவர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். நான் காபி கொடுக்கப் போயிருந்தேன். கதவும் திறந்துதான் இருந்தது.

"என் புருஷன் என்னை ஏறெடுத்துப் பாக்கிறதில்லை."

"டார்லீன், சொந்தக்காரங்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடாதுன்னு விதி இருக்கு."

"விவாகரத்து பண்ணிட்டு வந்தா?"

லைல் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். படுபாவி, நிஜமாகவே புரட்டினார்.

"அதுக்கப்புறமும் அஞ்சு வருஷம் போகணும்."

"அப்ப என் பேரை எழுதி வெச்சுக்கோ," என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சாயங்காலம் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வழியில் நின்ற எங்கள் எல்லாருக்கும் விரலைத் தூக்கினாள். லைல் தெருவுக்கு ஓடிவந்தார். இத்தனை மாதம் கழித்து முதலில் விரலைத் தூக்கினார், அப்புறம் கையையே தூக்கினார். அவள் நேரே பார்த்தபடி போய்விட்டாள்.

எல்லாரும் என் கடைக்குள் வந்து உட்கார்ந்தோம். வெர்னுக்குத்தான் முதலில் புரிந்தது.

"அவனுக்கு மட்டும் அவ விரல் தூக்கலை, பாத்தீங்களா? பாவம், லைல் அவகிட்ட ஆலோசனைக்குப் போறான்போல."

வெளியே தெரிந்தால் மனுஷனுக்கு எவ்வளவு அசிங்கம்! அவர் அந்தரங்கம் காக்கும்பொருட்டு, அன்றிலிருந்து நாங்களும் லைலைப் பார்த்தால் விரலைத் தூக்குவதில்லை.