பழைய உளவாளியை நிறுத்தாதீர்கள், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதும் கடிதம். நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் நலத்தை மகள் காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள்; கூடவே, உங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் ஏழு மணி உளவாளித் தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டு இன்று முதல் புதிதாக ஒன்று போடுவதாகவும், அந்த முடிவே உங்களுடையதுதான் என்றும் சொன்னாள். இதை நான் விடப்போவதில்லை.

பழைய தொடரில் ஒன்றுமே நடப்பதில்லை என்று நேயர்கள் எழுதுகிறார்களாம். நடக்காமல் இருப்பதுதானே நிஜம்? அந்த உளவாளிக்கு மூட்டுவலி. மூன்று வாரமாகக் காருக்குள் உட்கார்ந்து ஒரே ஜன்னலைப் பார்க்கிறார். லீவு கேட்டால் மேலதிகாரி முறைக்கிறார். ரகசிய ஃபைலைக்கூட ஆவண அறையில் வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குகிறார். முப்பத்தோரு வருஷம் ஆவண அறையில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், அங்கே டியூப் லைட்கூட எங்கள் அறையில் எரிந்ததுபோலவே விட்டுவிட்டு எரிகிறது.

நிஜம்தானா என்று சோதித்தும் பார்த்தேன். அவர் கடைக் கண்ணாடியைப் பார்த்தபடியே ஆளைப் பின்தொடர்வார் இல்லையா, அதேபோல மாடிவீட்டு டாக்டரைத் தொடர்ந்தேன். கண்ணாடி பெண்கள் தையல் கடையுடையதாகப் போய், தையல்காரம்மா வெளியே வந்து என்ன அளவு என்று கேட்க, நான் பேந்தப் பேந்த விழிக்க, அதற்குள் மழை பிடித்துக்கொள்ள, டாக்டரே திரும்பி வந்து, "பஸ் ஸ்டாப்லேர்ந்து பின்னாடியே வர்றீங்களே சார், குடைக்குள்ள வாங்க" என்று வீடுவரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நாலு நாள் ஜுரம். உளவாளியும் போன மாதம் இப்படித்தான் மாட்டிக்கொண்டார் என்றபடி உங்கள் அத்தை மாத்திரையை நீட்டினாள். இதைவிட நிஜம் வேறென்ன வேண்டும்?

மனசு விட்டுச் சொல்கிறேன். ரிட்டயரான பிறகு, இத்தனை வருஷம் என்னத்தைக் கிழித்தோம் என்று எனக்கே தோன்றும். போன வாரம் தொடரில் துரோகியைக் காட்டிக்கொடுத்தது துப்பாக்கி இல்லை, ஆவண அறை குமாஸ்தா. ஒரே ஃபைலை ஒருவர் இரண்டு தடவை வாங்கியிருப்பதைக் கவனித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் துரோகி பிடிபட இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதைப் போடும் வரை உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். இது முடிவு.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, தொடர் திரும்ப வந்ததும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடி ஹாலுக்குப் போனேன். உங்கள் அத்தை புதுத் தொடரைப் போட்டிருந்தாள். திட்டுவதற்காகத்தான் நின்றேன். ஹெலிகாப்டரிலிருந்து கதாநாயகன் தொங்குகிற கயிற்றை இன்னொருவன் அறுக்கிற நேரத்தில் 'தொடரும்' போட்டுவிட்டீர்கள். கயிறு அறுந்ததா, இல்லையா? அத்தை இன்னும் சாப்பிடவில்லை. நானும்தான். நாளை முதல் பஸ்ஸில் இருவரும் அங்கே வருகிறோம். இந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டுவருகிறேன். நீங்கள் படிக்க வேண்டாம், கயிறு அறுந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.