ஆகஸ்டில் மூழ்கிய ராணி

புதுக் காலண்டரைச் சுருளிலிருந்து விரித்தால் ஒரு வாசனை வரும். அச்சு மையும் பசையும் கலந்து லேசாகத் தலை சுற்ற வைக்கும் வாசனை. ஊருக்கெல்லாம் அது வருசப் பிறப்பு. நான் மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

பள்ளியில் தமிழ் சொல்லித்தருவது என் பிழைப்பு, வசன கவிதை எழுதுவது என் வியாதி. நாற்பத்தாறு வயதில் அது முற்றி, தூரிகையையும் எடுத்தேன். மேகம்கூட வேறு வழியாகப் போகிற ஆமத்தூரில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீராலேயே ஆன ஓர் உலகத்தைக் கற்பனை செய்தேன். பெயர் ஈரவேலி. ஒரு பேராமையின் முதுகில் நகரம், தெருவிளக்குக்குப் பதில் ஒளிரும் மீன்கள், ஆளுவதற்கு நுரைச்செல்வி என்றொரு ராணி. (பெயரைக் கேட்ட என் கணவர், "சோப்பு கம்பெனியா?" என்றார். அன்று அவருக்கு மோர் கிடையாது.)

அந்த நேரத்தில்தான் என் தம்பி ஜெபராஜ், பார்த்த வேலையை விட்டுவிட்டுத் திருத்தங்கலில் சொந்தமாகக் காலண்டர் ஆர்டர் பிடிக்கத் தொடங்கியிருந்தான். முதல் பெரிய ஆர்டர் விருதுநகர் எண்ணெய்க்கடை அண்ணாச்சி ஒருவருடையது. "எல்லாக் கடைக் காலண்டர்லயும் ஒரே படந்தாம்ப்பா. நமக்குப் புதுசாப் போடு" என்று சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் வருசா வருசம் ஆர்டர். சொதப்பினால் தம்பி பழைய முதலாளி முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

"பன்னெண்டு படம்க்கா. பூவு, அருவின்னு எதாச்சும் போதும்" என்றான்.

பூவா? பன்னிரண்டு மாதம் என்றால் பன்னிரண்டு அத்தியாயம் அல்லவா? ஜனவரியில் ராணி முடிசூடுகிறாள். ஏப்ரலில் காதல். ஜூனில் ஆமைக்குக் கொட்டாவி. ஆகஸ்டில் ஆமை தூங்குவதற்காக முங்கிவிட, கழுத்தளவுத் தண்ணீரில் ராணி தனியாக நின்று அழுகிறாள். செப்டம்பரில் ஊரே படகேறி அவளைத் தேடுகிறது. டிசம்பரில் வெறும் கிரீடம் மட்டும் மிதக்கிறது. முதலில் நகரத்தை எரிப்பதாகத்தான் இருந்தேன். பட்டாசு ஊரில் எரிகிற நகரத்தை யார் சுவரில் மாட்டுவார்கள் என்று தோன்றித் தண்ணீருக்கு மாறினேன். வறண்ட சீமைக்குத் தண்ணீர் மங்களம்தானே என்று என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

தம்பி படங்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "ஆகஸ்ட்ல மட்டும் அவளக் கொஞ்சம் சிரிக்க வச்சிரேன்க்கா."

"கலையில் சமரசம் கிடையாது" என்றேன். (இப்படியேதான், எழுத்துத் தமிழில்.)

வாட்ஸப்பில் போன படங்களில் அண்ணாச்சி ஜனவரியை மட்டும் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அச்சேறியது. மேலே தகரப்பட்டை அடித்துக் கட்டுக்கட்டாக லோடு ஆட்டோவில் ஏறியது. படைத்தவளைப் பாராட்டாமல் விடுவார்களா என்று பட்டுச்சேலை உடுத்தி நானும் ஏறிக்கொண்டேன்.

கடையில் அண்ணாச்சியின் மனைவி காலண்டரை வாங்கி, நேராக ஆகஸ்டைப் புரட்டினார். மகளுக்கு ஆவணி முகூர்த்தத்தில் கல்யாணம்.

"என்னங்க, இங்கன வாங்க. நம்ம பிள்ளை முகூர்த்தத்துக்கு மேல ஒருத்தி நின்னு அழுதுகிட்டு இருக்கா."

எண்ணெய் வாங்க வந்தவர் ஒருவரும் எட்டிப் பார்த்தார். "நாங்களும் அந்த மாசந்தான் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுதோம். எனக்குக் காலண்டர் வேண்டாம் அண்ணாச்சி."

தம்பியின் முகம் அச்சடிக்காத தாள்போல ஆனது. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி ராணியை நெடுநேரம் பார்த்தார்.

"டீச்சர், இது உங்க வேதத்துல வர்ற கதையா?"

"இல்ல அண்ணாச்சி. என் சொந்தக் கற்பனை."

"வேதம்னா கை வைக்கப்பிடாது. சொந்தக் கதைதான? அப்ப மாத்திருவோம்."

தகரம் அடித்த காலண்டரில் ஒரு தாளை உருவ முடியாது. உருவினாலும் ஆகஸ்ட் மாதமே போய்விடும். அண்ணாச்சி உள்ளே போய், டின்னில் ஒட்டும் நல்லெண்ணெய் லேபிள் கட்டைத் தூக்கிவந்தார். "இத அந்தப் பிள்ள மேல ஒட்டிருங்க."

அன்று முழுக்க ஒட்டினோம். பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து, என் ராணியின் அழுத முகத்தை என் கையாலேயே மூடினேன். முதல் சில ராணிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒட்டினேன். அப்புறம் கை பழகிவிட்டது.

"எக்கா, காது தெரியுது பாரு. நல்லா மூடு" என்றான் தம்பி.

இப்போது கதை இப்படி ஆகிவிட்டது: ஜூலையில் ராணி, ஆகஸ்டில் நல்லெண்ணெய், செப்டம்பரில் ஊரே படகேறிக் கடல் முழுக்கத் தேடுகிறது. எதைத் தேடுகிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. "காலண்டர்ல தேடுறாகள்ல, அந்த எண்ணெய் குடுங்க" என்று கேட்டே வாங்கினார்களாம். என் படைப்புகளில் மக்களைச் சென்றடைந்தது அது ஒன்றுதான். இன்றும் எங்கள் வீட்டில் குழம்பு அடிப்பிடித்தால், "லேபிள் ஒட்டிரு" என்பார்கள். புதிதாகக் கவிதை எழுதிக் காட்டினால் என் கணவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "எந்த வரியில ஒட்டணும்?" என்று கேட்பார்.

ஆனால் அன்று சாயங்காலம் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வருச ஆர்டரைப் பற்றி அண்ணாச்சி வாய் திறக்கவில்லை, கேட்கிற தெம்பு தம்பிக்கும் இல்லை. ஆட்டோ புறப்படும் நேரத்தில் அண்ணாச்சி என் பக்கம் வந்து, மனைவிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், அந்தப் பொண்ணு கடைசில கரையேறிட்டாளா?"

கிரீடம் மட்டும் மிதக்கும் டிசம்பர் நினைவுக்கு வந்தது. "கலையில் சமரசம் கிடையாது" என்ற என் வசனமும் வந்தது. பக்கத்தில் விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டு தம்பி உட்கார்ந்திருந்தான்.

"ஏறிட்டா அண்ணாச்சி. அடுத்த ஜனவரில மறுபடி முடி சூட்டுறாக."

"அப்பச் சரி. அந்த ஜனவரியவும் தம்பியவே அடிக்கச் சொல்லுங்க."