டீ வருகிற படம்

ஓசிப் படத்துக்கு மானம்தான் டிக்கெட். அதைக் கொடுத்துப் பார்த்தவள் நான்.

எங்கள் எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பியபோது, படம் காட்டும் மெஷினையும் ஒரு பெட்டி ஊமைப் படங்களையும் விட்டுவிட்டுப் போனார். ஒரு ஞாயிறு மத்தியானம் இலை நிறுக்கும் கொட்டகையில் சன்னலையெல்லாம் கம்பளியால் மூடி, வேட்டியைத் திரையாகக் கட்டினார் பெரிய கிளார்க்கய்யா.

அப்போது பிள்ளைக் காப்பகத்தில் ஆயா வேலை காலி. கொழுந்து பறிக்கையில் படும் அட்டைக்கடிக்குத் தப்பிக்க எனக்கு அதுதான் வழி. ஆனால் படிக்கத் தெரிந்தவளுக்குத்தான் வேலையாம். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். இங்கிலீஷில் தேயிலைப் பெட்டியில் அடித்திருக்கும் டீ, ஈ, ஏ மூன்றும் தெரியும். (மூன்று தெரிந்தால் மற்றதும் தெரிந்த மாதிரிதானே.) "இங்கிலீசும் படிப்பேனுங்க" என்று கிளார்க்கய்யாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

படத்தில் ஒருவன் ஏணியோடு ஓடினான். நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வந்தது.

"ஏனுங்கக்கா, என்ன எழுதிருக்குது?" என்றாள் பக்கத்து லயத்து வீட்டு ராஜாமணி.

கிளார்க்கய்யா திரும்பிப் பார்த்தார். விடுவேனா?

"அவன் குந்தா டேமுல கரண்டு வேலை பாக்கறானாமா. ஏணிய மாமியா ஊட்டுல கேக்காம எடுத்துட்டு வந்துட்டான்."

"அந்தக் குண்டு ஆளு?"

"மாமியாளோட தம்பி. ஏணி அவனுது."

கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

கடைசியில் பெரிய எழுத்தாக ஒரு அட்டை வந்து நின்றது. முதல் எழுத்து எனக்குத் தெரிந்த டீ. கொஞ்சம் தள்ளி ஈ, அடுத்து இன்னொரு ஈ. ஏ மட்டும் இல்லை. எழுதினவன் அரைகுறை போலிருக்கிறது.

எழுந்து நின்று அறிவித்தேன்: "எல்லாத்துக்கும் டீ குடுக்கறாங்களாமா. ஆரும் எந்திரிக்காதீங்க."

ஒருவரும் எழவில்லை. கம்பளியை எடுத்தாயிற்று, திரையை அவிழ்த்தாயிற்று. நூறு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"படந்தான் முடிஞ்சு போச்சே. போலாமில்ல?" என்றார் கிளார்க்கய்யா.

"டீ வரோணுமுங்களே. அக்கா படிச்சாங்க" என்றாள் ராஜாமணி.

அவர் என்னைப் பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"தாயீ, அது 'தி எண்ட்', முடிஞ்சுதுன்னு எழுதிருக்குது. மருந்து பாட்டிலயும் இப்பிடித்தான் படிப்பியா?"

ஆயா வேலை அன்றே ராஜாமணிக்குப் போனது. (அவள் ஐந்தாவது வரை படித்ததை அதுவரை ஒருத்தியிடமும் சொல்லவில்லை, கள்ளி.) ஆனால் உட்கார்ந்த நூறு பேரும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் பாய்லரை ஏற்றச் சொன்னார் கிளார்க்கய்யா. அதிலிருந்து எங்கள் எஸ்டேட்டில் ஓசிப் படம் என்றால் ஓசி டீயும் உண்டு. அதை யார் வாங்கிக் கொடுத்தது என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

அந்தப் பழைய படங்களுக்கெல்லாம் இப்போது சொந்தக்காரரே கிடையாதாம், செல்போனில் சும்மாவே பார்க்கலாம் என்கிறாள் என் மகள். நீங்களும் பாருங்கள், நல்ல படங்கள்தான். எங்கள் வீட்டில் கடைசி அட்டை வந்ததும் பேரன் பேத்திகள் ஒரே குரலில் படிக்கிறார்கள்: "டீ குடுக்கறாங்களாமா."

நான் எழுந்திருப்பதில்லை. மருமகன் போய் அடுப்பைப் பற்ற வைக்கிறார்.