எல்லைக்காட்டுக்குப் பயிற்சிக்குப் போன கீரி

ஒரு காட்டில் ஒரு மருத்துவக் கல்லூரி இருந்தது. காட்டின் நட்டநடுவில் இருந்ததால் அதற்கு நடுக்காட்டுக் கல்லூரி என்று பெயர். அங்கே மாணவர்கள் அதிகம், நோயாளிகள் குறைவு. ஒரு குரங்கு காய்ச்சல் என்று வந்து படுத்தால் போதும், வகுப்பே திரண்டு வந்து வரிசையாக நாடி பிடித்துப் பார்க்கும். காய்ச்சல் விட்ட பிறகும் கைவலிக்காகக் குரங்கு அங்கேயே படுத்திருக்க வேண்டியிருந்தது.

அதே காட்டின் கடைக்கோடியில் எல்லைக்காடு. அங்கேயும் ஓர் ஆஸ்பத்திரி உண்டு. டாக்டர் ஒரே ஒருவர்தான், பொன்னையா என்ற கரடி. காலையில் அவர் கதவைத் திறந்தால் வரிசை புளியமரத்தைத் தாண்டி நிற்கும். ஒரு கையால் முள்ளம்பன்றிக்கு ஊசி போட்டுக்கொண்டே மறு கையால் வாழைப்பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொள்வார். அதுதான் அவருடைய காலைச் சாப்பாடு. சில நாள் மதியச் சாப்பாடும் அதுவே.

இந்த நிலைமையை மாற்றுவதற்காகக் கல்லூரியின் களப்பயிற்சிக் குழு கூடியது. குழுவுக்குத் தலைவர் பேராசிரியர் தூயமணி, ஒரு கொக்கு. அவர் ஒற்றைக்காலில் நின்று யோசிப்பார். அடுத்த காலை ஊன்றிவிட்டால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அன்றைக்கு ஊன்றினார்.

"நம்மிடம் மாணவர்கள் இருக்கிறார்கள். அங்கே நோயாளிகள் இருக்கிறார்கள். அனுப்பி வைப்போம்" என்றார்.

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. யார் போகிறீர்கள் என்று கேட்டதும் அது உடனே அடங்கியது. முயலுக்கு வீட்டில் சரியில்லையாம். மயிலுக்கு அந்தப் பக்கத்து மழை ஒத்துக்கொள்ளாதாம். செங்கமலம் என்ற கீரி மட்டும் பின்வரிசையிலிருந்து, "நான் போறேன் சார்" என்றாள். அவள் உருவத்தில் சிறியவள். கூட்டத்தில் முண்டியடித்து ஒரு நாள்கூட ஒரு நோயாளியின் கட்டிலருகே போய்ச் சேர்ந்ததில்லை. எங்கேயாவது ஒரு நோயாளியை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஆசை.

எல்லைக்காட்டில் அவளைப் பார்த்ததும் பொன்னையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்க இடம் இல்லாததால் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார்.

"வாம்மா. கையைக் கழுவிக்கிட்டு வா. அந்த நரிக்குக் கட்டுப் பிரிக்கணும்" என்றார்.

செங்கமலம் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அதற்குள் ஒரு புறா சுற்றறிக்கையுடன் வந்து இறங்கியது. மேற்பார்வையாளர் இல்லாமல் மாணவர்கள் நோயாளியைத் தொடக்கூடாது என்று அதில் இருந்தது.

"அதான் நான் இருக்கேனே?" என்றார் கரடி.

"நீங்க டாக்டர். மேற்பார்வையாளர் வேற. அதுக்குத் தனியா பயிற்சி எடுக்கணும். நடுக்காட்டுலதான் நடக்குது" என்றது புறா.

"நான் பயிற்சிக்குப் போயிட்டா ஆஸ்பத்திரியை யாரு பாத்துக்குவா?"

"மாணவி பாத்துக்கலாம்."

"பார்க்கட்டும். நான் கிளம்புறேன்."

"ஆனா மேற்பார்வையாளர் இல்லாம மாணவி யாரையும் தொடக்கூடாது."

கரடி வாயைத் திறந்தார். பிறகு அதில் ஒரு வாழைப்பழத்தைப் போட்டு மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து செங்கமலம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கரடி கட்டுப் போடுவதைப் பார்த்தாள், பிரசவம் பார்ப்பதைப் பார்த்தாள், வரிசை நீளுவதையும் பார்த்தாள். "ஏம்மா, சும்மாதானே நிக்கிறே, இந்த முள்ளைக் கொஞ்சம் எடுத்து விடக்கூடாதா?" என்று ஒரு கிழட்டு ஆடு கேட்டபோது அவளுக்கு அழுகை வந்தது. மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே போய் அழுதுவிட்டு வந்து, மறுபடியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

விஷயம் குழுவின் காதுக்கு எட்டியது. கொக்கு மறுபடியும் ஒரு காலைத் தூக்கி, மறுபடியும் ஊன்றினார். எல்லைக்காட்டிலேயே ஒரு மேற்பார்வையாளரை நியமிப்பது என்று முடிவாயிற்று. விண்ணப்பித்தது ஒரே ஒருவர். சிங்காரம் என்ற பிணந்தின்னிக் கழுகு.

நேர்காணலில் கொக்குதான் கேள்வி கேட்டார்.

"மேற்பார்வையில் அனுபவம் உண்டா?"

"ஐயா, பிறந்ததிலிருந்து வேற வேலையே பார்த்ததில்ல. மேல இருந்து பார்க்கிறதுதான் என் பிழைப்பு. யாரு நொண்டுறா, யாரு மூச்சு வாங்குறா, எல்லாம் அங்க இருந்தே தெரியும்."

"சிகிச்சையில் தலையிடுவீர்களா?"

"சேச்சே. எல்லாம் முடியிற வரைக்கும் ஓரமா உட்கார்ந்திருப்பேன்."

"அவசரப்படுத்த மாட்டீர்களே?"

"எனக்கு என்னங்க அவசரம்? எத்தனை நாளானாலும் காத்திருப்பேன்."

குழு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பெருமையோடு பார்த்துக்கொண்டார்கள். கொக்கு கடைசியாக ஒன்று கேட்டார். "ஒருவேளை நோயாளி இறந்துவிட்டால்?"

"அதுக்கப்புறம் முழுப் பொறுப்பும் என்னோடது. மிச்சம் மீதி வைக்காம நானே பாத்துக்குவேன்" என்றது கழுகு.

இப்படிப் பொறுப்பேற்றுக்கொள்ளும் ஆளைத் தாம் இதுவரை பார்த்ததில்லை என்று கொக்கு குறிப்பெழுதினார். இவ்வளவு அனுபவத்துக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை என்று அன்றே நியமன ஆணை கிடைத்தது.

சிங்காரம் ஆஸ்பத்திரிக் கூரையின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. கழுத்தைச் சுருக்கிக்கொண்டு வரிசையில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. காய்ச்சலோடு படுத்திருந்த காட்டுப்பன்றி எழுந்து ஓடியது. ஒரு மாதமாக முதுகுவலி என்று வந்துகொண்டிருந்த ஆமைகூடத் தன்னால் முடிந்தவரை ஓடியது. வரிசை கரைந்துவிட்டது. "மேற்பார்வையாளர் வந்ததிலிருந்து எல்லைக்காட்டில் நோயாளிகள் வெகுவேகமாகக் குணமாகிறார்கள்" என்று நடுக்காட்டில் விழா எடுத்தார்கள்.

இனி ஆஸ்பத்திரியை மாணவி பார்த்துக்கொள்ளலாம், பொன்னையா பயிற்சிக்கு வரலாம் என்று அழைப்பும் வந்தது. கரடி தயங்கினார்.

"போயிட்டு வாங்க சார். நீங்க சர்டிபிகேட்டோட வந்துட்டா இந்தக் கூரையில யாரும் உட்கார வேண்டியதில்ல" என்றாள் செங்கமலம்.

அது அவருக்கும் சரியாகப் பட்டது. எதுவானாலும் போன் பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன சில நாளில், ஒரு மத்தியான வேளை, காத்தமுத்து என்ற புள்ளிமான் ஆஸ்பத்திரியின் பின்பக்கமாக வந்து ஜன்னலைக் கொம்பால் தட்டியது.

"டாக்டரம்மா, என் வீட்டுக்காரிக்குக் காலையிலேயே வலி எடுத்துடுச்சு. இன்னும் குட்டி வரல. மூஞ்சி தெரியுது, ஒரு கால் தெரியுது, அதோட நின்னுபோச்சு."

"ஐயோ, இங்க கூட்டிட்டு வரலாமே!"

"கூப்பிட்டேன். வரமாட்டேங்குறா. அது கூரை மேல உட்கார்ந்திருக்கிற வரைக்கும் செத்தாலும் இந்தப் பக்கம் வரமாட்டேன்னு சொல்றா."

செங்கமலம் கூரையை எட்டிப் பார்த்தாள். சிங்காரம் கண்ணை மூடியிருந்தது. தூங்குகிறதா, காத்திருக்கிறதா என்று அந்தப் பறவையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அவள் பக்கத்துப் பாறைமேல் ஏறி, டவர் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்று கரடிக்குப் போன் செய்தாள். "நீங்கள் அழைத்த கரடி தற்சமயம் அணைத்து வைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு குயில் இனிமையாகச் சொன்னது. கரடி அப்போது வகுப்பில் உட்கார்ந்திருந்தார். "அவசரத்தில் மாணவர் அழைத்தால் உடனே கிடைப்பது எப்படி" என்பது அன்றைய பாடம். பாடத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று எல்லோருடைய போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

செங்கமலம் பாறையிலிருந்து இறங்கினாள். கழுகு இல்லாமல் தொட்டால் படிப்பு போய்விடும். தொடாவிட்டால் இரண்டு உயிர் போய்விடும். இதை அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை. காத்தமுத்து அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு யோசிக்கவும் முடியாது.

"வழியைக் காட்டுங்க அண்ணே" என்றாள்.

மருதாயி என்ற அந்தப் பெண்மான் கோரைப்புல்லுக்குள் பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள். வாயோரம் நுரை. செங்கமலம் தன் கையைப் பார்த்தாள். இத்தனை நாளும் பின்னால் கட்டியே வைத்திருந்த கை. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள்.

"அக்கா, நான் மாணவிதான். உள்ளதைச் சொல்லிடுறேன். இதுவரைக்கும் பிரசவத்தைப் பார்த்திருக்கேன், பண்ணினதில்ல."

மருதாயி மூச்சிரைத்தாள். "கழுகு வந்திருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப நீயே போதும்."

கையை உள்ளே விட்டுப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. குட்டியின் இன்னொரு முன்கால் உள்ளே பின்பக்கமாக மடங்கி மாட்டிக்கொண்டிருந்தது. அப்படியே இழுத்தால் தாய் கிழிந்துபோவாள். வலி ஓய்ந்த இடைவெளியில் குட்டியை மெல்ல உள்ளே தள்ளினாள். கரடியின் பெரிய கை இந்த இடத்தில் எவ்வளவு சிரமப்படும் என்று பலமுறை பார்த்திருக்கிறாள். அவளுடைய சிறிய கை வழுக்கிக்கொண்டு போனது. குளம்பு தாயைக் கீறாமல் அதை உள்ளங்கையில் பொத்தி, முன்னால் கொண்டுவந்தாள். இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் முறை வந்துவிட்டது.

"அக்கா, இப்ப முக்குங்க!"

குட்டி வழுக்கிக்கொண்டு புல்லில் விழுந்தது. அசையவில்லை. செங்கமலம் அதன் மூக்கைத் துடைத்தாள், வாய்க்குள் விரலை விட்டுச் சளியை எடுத்தாள், காய்ந்த புல்லால் விலாவைத் தேய்த்தாள். காத்தமுத்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று குட்டி ஒரு தும்மல் போட்டது. அந்தத் தும்மலைக் கேட்டுச் செங்கமலம் அழுத அழுகையில் மருதாயிதான் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

செய்தி நடுக்காட்டுக்குப் போனது. மேற்பார்வை இல்லாமல் பிரசவம்! கொக்கு இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு விசாரணைக்கு வந்துவிட்டார். பயிற்சி முடித்திருந்த கரடியும் கூடவே வந்தார்.

"மேற்பார்வையாளர் எங்கே இருந்தார்?" என்று கேட்டார் கொக்கு.

செங்கமலம் தலைகுனிந்தாள். ஆனால் கூரையிலிருந்து குரல் வந்தது. "அங்கேயேதாங்க இருந்தேன்."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இவங்க கிளம்பினப்பவே நானும் கிளம்பிட்டேன். கோரைப்புல்லுக்கு நேர் மேல வட்டம் போட்டுக்கிட்டே இருந்தேன். அந்த மான் கிடந்த கிடப்பைப் பார்த்துட்டு எப்படி வராம இருப்பேன்? ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் கண்ணை எடுக்கல."

கொக்கின் முகம் மலர்ந்தது. விதி மீறப்படவே இல்லை. இதுவரை எந்த மேற்பார்வையாளரும் இவ்வளவு நேரம் கண்கொட்டாமல் பார்த்ததாகக் குழுவுக்குத் தகவல் இல்லை. சிங்காரத்துக்கு அந்த இடத்திலேயே பதவி உயர்வு கிடைத்தது, முழுக் காட்டுக்கும் தலைமை மேற்பார்வையாளராக. தலைமைப் பதவி என்பதால் இனி அது இன்னும் மேலே இருந்து பார்க்க வேண்டும் என்றார்கள். அது பறந்து பறந்து, கீழே இருப்பவர்களின் கண்ணுக்கே தெரியாத உயரத்துக்குப் போய்விட்டது.

அப்படி மேலே போவதற்கு முன் அதற்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. மாணவிக்கு மதிப்பெண் போட வேண்டும்.

"மாணவியின் சிகிச்சை முடிவு தங்களுக்குத் திருப்தி அளித்ததா?" என்று கொக்கு கேட்டார்.

சிங்காரம் நேர்மையான பறவை. "இல்லைங்க. பசியோடதான் திரும்பினேன்" என்றது.

செங்கமலம் தேர்ச்சி பெறவில்லை. இன்னொரு வருடம் எல்லைக்காட்டிலேயே பயிற்சி பெற வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

பொன்னையா ஆத்திரப்பட்டார். "நான் மேற்பார்வையாளர் சர்டிபிகேட் வாங்கியிருக்கேன். நான் மார்க் போடுறேன்!" என்றார்.

"நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள்" என்றார் கொக்கு. "சான்றிதழ் பெற்றவர்கள் மிகக் குறைவு. அதனால் உங்களை நடுக்காட்டுக்கு மாற்றியிருக்கிறோம். அங்கே மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்."

"அப்ப இங்க டாக்டரு?"

"மாணவி இருக்கிறாளே."

கரடி அழுதுகொண்டே போனார். எல்லைக்காடே திரண்டு வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பியது. வரும் வழியில் பேச ஆரம்பித்தது மருதாயிதான். குட்டி அவள் வயிற்றடியில் முட்டிக்கொண்டே நடந்து வந்தது.

"கழுகு நல்லா வேலை செஞ்சதுன்னாங்க, மேல அனுப்பிட்டாங்க. கரடி ஐயா பாஸ் பண்ணினாரு, அவரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஃபெயிலானது இந்தப் பொண்ணு ஒருத்திதான். அவதான் நமக்கு மிஞ்சியிருக்கா."

எல்லோரும் நின்று மருதாயியைப் பார்த்தார்கள்.

அடுத்த வருடம் மதிப்பெண் போடும் காலம் வந்தபோது, எல்லைக்காட்டிலிருந்து குழுவுக்குச் செங்கமலத்தின் மேல் புகார்கள் வந்து குவிந்தன. இவள் கட்டுப் போட்டுக் கால் சரியான நரி, இவளுக்குக் கட்டுப்போடவே தெரியாது என்றது. இவளால் பிழைத்த காட்டுப்பன்றி, இவள் கை பட்டதிலிருந்து தூக்கமே இல்லை என்றது. மருதாயி தன் குட்டியையும் கூட்டிக்கொண்டு நடுக்காடு வரை நடந்தே போய், "இவளை மட்டும் பாஸ் போட்டுடாதீங்க சாமி" என்று கொக்கின் முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

செங்கமலத்துக்கு முடிவு வந்தது. மறுபடியும் தேர்ச்சி இல்லை. அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் வெளியே வந்தாள். வாசலில் புளியமரத்தையும் தாண்டி வரிசை நின்றது. அதில் நின்றிருந்த யாரும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"யாரெல்லாம் எழுதிப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

வரிசை முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது.

"சரி, சரி. முதல்ல யாரு? உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

நீதி: ஊருக்கு நல்ல டாக்டர் நிலைத்திருக்க வேண்டுமானால், எக்காரணம் கொண்டும் அவரைத் தேர்ச்சி பெற விடாதீர்கள்.