ஜாம் ஆன ரேஸ் காரும் என் நிச்சயதார்த்தமும்

எனக்கு இன்ஜின் வேலை தெரியாது. இந்த உண்மையை வாயைத் திறந்து சொல்ல எனக்கு இருபத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது. அதையும் தலையிலிருந்து கிருஷ்ணாயில் வடிந்துகொண்டிருந்தபோதுதான் சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பொன்னேரியில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் பெயர் சரோஜா. அவளுடைய அப்பா ரைஸ் மில் முதலாளி. பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கூட வந்த என் தாய்மாமா சும்மா இருக்கக் கூடாதா? சோழவரம் ரேஸுக்கு வரும் கார்களையெல்லாம் நான்தான் தயார் செய்கிறேன் என்று ஒரு போடு போட்டார். (சோழவரத்துக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். டிக்கெட் வாங்காமல் மரத்தில் ஏறிப் பார்த்தேன். இரண்டாவது தடவை கிளை ஒடிந்துவிட்டது.) நான் மறுத்திருக்கலாம். அந்த நேரம் பார்த்துச் சரோஜா கதவோரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தாள். அப்புறம் எங்கே மறுப்பது?

மில்லுக்காரர் முகம் மலர்ந்துபோய் என்னைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார். படுதாவை விலக்கினால், சிவப்பு நிறத்தில் இரண்டு பேர் உட்காரும் பழைய ரேஸ் கார். சோழவரத்தில் ஓடும்போதே இன்ஜின் ஜாம் ஆகி நின்றுபோனதாம். மகளின் மாப்பிள்ளை அழைப்பைத் திறந்த காரில் நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டு, மூன்று வருடத்துக்கு முன் வாங்கிப் போட்டிருந்தார்.

"இன்ஜின் சுத்திச்சுன்னா அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம் தம்பி. இல்லாங்காட்டி நீங்க வேற எடம் பாத்துக்குங்க" என்றார்.

எனக்குச் சரோஜாவை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. வேறு இடம் பார்க்கிற எண்ணமே இல்லை. மறுநாள் டீ வேளையில் எங்கள் ஃபோர்மேன் காலில் விழாத குறையாகக் கேட்டேன். இன்ஜின் தலையிலுள்ள ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்று, அந்த ஓட்டை வழியாக டீசலும் கிருஷ்ணாயிலும் சரிபாதி ஊற்று, ஒரு வாரம் ஊறட்டும், பிறகு டாப் கியரில் போட்டு டிராக்டரால் மெதுவாக இழு என்றார். சாயங்காலம் ஸ்டேஷன் வரை கூடவே வந்து இன்னும் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் ரயில் வந்துவிட்டது, ஓடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்தால், நான்கு ஓட்டைகளும் திறந்தே கிடந்தன. பிளக்குகளைக் காணோம். எந்தப் புண்ணியவானோ எனக்கு முன்னாலேயே கழற்றி வைத்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, எங்கே போயின என்று யோசிக்கவில்லை. (அந்த வீட்டுப் பூஜை அறையில், முருகன் படத்துக்குக் கீழே நான்கு பிளக்குகள் சந்தனம் குங்குமத்தோடு நின்றுகொண்டிருந்தன. பார்த்தேன். கும்பிடவும் செய்தேன்.)

நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போது சரோஜா வாசற்படியிலிருந்து, "நைனா, உள்ள எதுனா வியுந்து கெடந்தா பரவால்லியான்னு கேளு" என்றாள். மில்லுக்காரர் என்னைப் பார்த்தார். பிஸ்டனின் பலத்தைப் பற்றி நான் கால் மணி நேரம் பேசினேன். எனக்கே ஒன்றும் புரியவில்லை.

அந்த வாரம் முழுக்க ஷிப்ட் முடிந்ததும் ரயிலேறி வந்து, உள்ளே குறைந்திருந்த அளவுக்கு மறுபடி ஊற்றிவிட்டுப் போனேன். மில்லுக்காரர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த ஞாயிறு அம்மா பட்டுப்புடவையிலும் மாமா சலவைச் சட்டையிலும் வந்து இறங்கினார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம் எல்லாம் தயார். இரண்டு வீட்டாரும் காரைச் சுற்றி, வேடிக்கைக்கு வசதியாக, பானெட்டைக் கழற்றி வைத்திருந்த இன்ஜினுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். நான் ஸ்டீரிங்கில் உட்கார்ந்தேன். முன்னால் கண்ணாடிகூட இல்லாத கார். டிராக்டர் இழுத்தது. கிளட்சை விட்டேன். டயர்கள் தரையைத் தேய்த்தனவே தவிர உருளவில்லை. முருகா, என் மானத்தைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டு மறுபடி விட்டேன். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம்.

இன்ஜின் சுற்றியது. சுற்றிய வேகத்தில் ஒரு வாரம் குடித்ததையெல்லாம் நான்கு ஓட்டை வழியாகவும் கக்கியது. அம்மாவின் பட்டு, மாமாவின் சட்டை, மில்லுக்காரரின் வேட்டி, வெற்றிலைத் தட்டு, எதுவும் தப்பவில்லை. கூடவே மழை மாதிரி என்னவோ பொலபொலவென்று விழுந்தது. என் தலையிலும், படியிலிருந்து இறங்கி வந்திருந்த சரோஜாவின் தலையிலும் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் அரிசி.

சரோஜாதான் பேசினாள்.

"நான் போட்ட அட்சதைதான் நைனா. மூணு ஆயுத பூஜைக்கும் நாலு ஓட்டைலயும் சமமா போட்டேன்."

முதல் வருடம் பூஜைக்கு, வண்டியின் ஆயுதம் இதுதான் என்று மில்லுக்காரரே பிளக்குகளைக் கழற்றிச் சாமி முன்னால் வைத்திருக்கிறார். பொட்டு வைத்ததை எப்படித் திரும்ப மாட்டுவது என்று அங்கேயே விட்டுவிட்டார். திறந்த ஓட்டையில் மழை ஈரம் இறங்கித் துருவும் ஏறிவிட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் மெக்கானிக் இல்லீங்க. லேத் ஓட்றேன்" என்றேன்.

மில்லுக்காரர் மீசையிலிருந்த அரிசியைத் தட்டினார். "அது மொத நாளே தெரியும். மெக்கானிக்கா இருந்தா பிளக்கு எங்கன்னு கேட்டிருப்பான். பொய்தான் சொல்லிக்குனு வந்தே, ஆனா தெனம் வந்தியே" என்றார். பிறகு எங்கள் இருவர் தலையையும் பார்த்தார். "இன்னா பண்றது, வண்டியே அட்சதை போட்டுடுச்சு. தட்டைத் தொடைச்சு எடுத்துக்குனு வாங்க."

மாப்பிள்ளை அழைப்பில் அந்தக் காரில்தான் போனேன். டிராக்டர் இழுத்தது, நான் ஸ்டீரிங்கைத் திருப்பினேன். அது கடைசி வரை சொந்தமாக ஓடவே இல்லை. கல்யாணத்துக்கு வந்த ஃபோர்மேன், இழுக்கும்போது ஓட்டைகளைக் கோணி போட்டு மூடச் சொல்லத்தான் அன்றைக்கு ஸ்டேஷனில் வாயெடுத்தாராம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அட்சதைத் தட்டு வந்தால் யாராவது ஒருவர் அரிசியை முகர்ந்து பார்த்துவிட்டு, "கிருஷ்ணாயில் வாசனை இல்லியே, இது செல்லுமா மாமா?" என்று என்னைக் கேட்காமல் விடுவதில்லை. சரோஜா மட்டும் சிரிக்கமாட்டாள். என் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து என் தலையிலேயே போட்டுவிட்டு, "மூடிக்குனு நில்லுங்க" என்பாள்.