சந்தனம் வைத்த ரப்பர் வளையம்

பல்லேகல,
ஒக்டோபர் 21

மதிப்பிற்குரிய அழகர் மாமா அவர்களுக்கு,

மருமகள் கஜனி வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். கடுகண்ணாவையில் நீங்களும் அத்தையும் பாத்திரக்கடையும் சுகமென்று நம்புகிறேன். இங்கே சுகமில்லாதவை இரண்டுதான்: ஒன்று எங்கள் கம்பனியின் இயந்திரம், மற்றது நீங்கள் வாங்கித் தந்த என் வேலை.

நேற்று அம்மாவுக்குப் போன் எடுத்து, "புள்ளைக்குக் கவனம் பத்தாது. அந்தப் பொஸ்தகத்துல போட்டுட்டு மன்னிப்புக் கேட்டா முடிஞ்சிச்சி, ஒரு கையெழுத்துத்தானே" என்றீர்களாம். அது எந்தக் கையெழுத்து என்று உங்களுக்கு விளங்கியிருக்காது என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் இயந்திரம் தண்ணீருக்கடியில் போய், அணைக்கட்டுச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று கமராவால் பார்ப்பது. கரையிலிருந்தபடி கேபிள் வழியாக அதை ஓட்டுகிறோம். மேலே வந்ததும் அதை நல்ல தண்ணீரில் அலசி, விசிறிகளில் சிக்கிய பாசியை எடுத்து, மூடியைத் திறந்து, தண்ணீர் புகாமல் காக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தைத் துடைத்து, ஒரு மயிரிழை ஒட்டியிருந்தாலும் நீக்கி, கிறீஸ் தடவி மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, பதினைந்து நிமிடம் கசிவில்லை என்று பார்ப்பது என் வேலை. துடைத்தவர் யார், மூடியவர் யார் என்று பராமரிப்புப் புத்தகத்தில் எழுதி ஒப்பமிட வேண்டும். இரண்டு வருடமாக அதில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. யாரும் பாராட்டியதில்லை. கசியாத இயந்திரத்தை யார் பாராட்டுவார்கள்?

ஆயுதபூசையன்று வளையத்தைத் துடைத்து, வெள்ளைத் துணியில் வைத்திருந்தேன். முதலாளி மகேந்திரராசா ஐயா வந்து, "பிள்ளை, தேசிக்காய் காணாது. ஓடிப்போய் நாலு வாங்கிக்கொண்டு வாரும்" என்றார். அங்கே ஐந்து ஆண்கள் நின்றார்கள். வாகனத்துக்குப்போல இயந்திரத்துக்குச் சில்லு இல்லையே, நசுக்குவதற்குத் தேசிக்காயை எதன் கீழ் வைப்பது என்று ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தார்; மற்ற நால்வரும் அவருக்கு உதவிக்கொண்டிருந்தார்கள். ஆகவே நான் போனேன். திரும்பி வந்தபோது இயந்திரம் மூடப்பட்டு, மல்லிகை மாலையும் கமராவுக்கு மேல் குங்குமப் பொட்டுமாக, பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதுபோல நின்றது. துணியில் வளையம் இல்லை. "யார் மூடினது?" என்றேன். பிரதம விருந்தினரான நீங்கள் சந்தனக் கிண்ணத்தோடு சிரித்தீர்கள்.

"நாந்தாம்மா. தெறந்து கெடக்குறத சாமிக்கு வைக்கலாமா? முப்பது வருசமா குக்கருக்கு வாசர் மாத்துறவன், எனக்கு இது தெரியாதா?"

"வாசரத் தொடச்சிட்டா போட்டீங்க மாமா?"

"தொடைக்கிறதா? அதுக்குந்தான் சுத்திவர நாலு பொட்டு வச்சிருக்கேன்!"

நான் ஸ்குறூ ட்ரைவரை எடுத்தேன். அதற்கும் பொட்டு வைத்திருந்தது. பூசைக்கு வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது என்று என் கையிலிருந்து அதைப் பறித்தீர்கள்.

மறுநாள் விஜயதசமி. திகனப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் காலை ஆறு நாற்பதுக்கும் ஏழுக்கும் இடையில் இயந்திரத்தை இறக்க வேண்டுமென்று நேரம் குறித்துக் கொடுத்ததும் நீங்கள்தான். மூடியைத் திறக்கவேண்டும், முடியாவிட்டால் கசிவாவது பார்க்கவேண்டும் என்று கெஞ்சினேன். "பிள்ளை, உம்மட பதினைஞ்சு நிமிசத்துக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சிடும். விடும்" என்றார் ஐயா. மாலையைக் கழற்றப் போனபோது, "பூவோட போகட்டும்" என்றீர்கள். பூவோடு போனது. பதினொரு மீட்டரில் மாலைநார் விசிறியில் சுற்றிக்கொண்டது. இயந்திரத்தை ஓட்டும் சுதேஷ் திரையைப் பார்த்து, "கஜனி, தண்ணி மஞ்சளா தெரியுது. இது வெளியில உள்ள தண்ணியா, உள்ளுக்குள்ள உள்ள தண்ணியா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் திரை இருண்டது. கேபிளைப் பிடித்து இழுத்தெடுத்துத் திறந்தோம். உள்ளிருந்து வழிந்த தண்ணீர் சந்தனம் மணத்தது. நீங்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். அந்த நேரத்தில்தான் ஐயா அணைக்கட்டு அதிகாரிகளுக்குக் கேட்கும்படி சொன்னார்: "பிள்ளை, வளையத்தை நீர் வடிவாத் துடைக்கேல்லைப் போல."

நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள் மாமா. 'மூடினது நான்' என்று இரண்டு சொல் போதும். உங்களுக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது. என் தலையில் கைவைத்து, "கவலப்படாத, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லி பஸ் ஏறினீர்கள். அந்தச் சந்தனம் இரண்டு நாள் என் தலைமயிரில் இருந்தது.

அன்றைய பக்கத்தில் 'மூடியவர்' என்ற இடம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அங்கே என் பெயர் வராவிட்டால் திங்கள் முதல் வேலை இல்லை என்கிறார் ஐயா. வந்தால், தண்ணீரில் இறங்கும் எந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலும் இனி என்னை விடமாட்டார்கள். நான் செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று எழுதிக்கொடுத்துத்தான் நல்ல பிள்ளையாக வேண்டுமென்றால், நான் கெட்ட பிள்ளையாகவே இருந்துவிடுகிறேன். ஒப்பமிட மாட்டேன். இராஜினாமாக் கடிதம் உறைக்குள் தயாராக இருக்கிறது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுமில்லை.

அத்தைக்கு என் அன்பு. கடையில் வியாபாரம் பெருகட்டும். நீங்கள் வாசர் மாற்றிக்கொடுத்த குக்கர்கள் எல்லாம் யாருடைய முகத்திலும் வெடிக்காதிருக்க வேண்டுகிறேன்.

தங்கள் மருமகள்,
கஜனி

பி.கு: உறையை ஒட்டுமுன் மனம் மாறிவிட்டது. இராஜினாமாவைக் கிழித்துப் போட்டேன். நீங்கள் சொன்னபடியே அந்தப் பக்கத்தை நிரப்பி ஒப்பமும் இட்டுவிட்டேன். 'துடைத்தவர்' என்ற இடத்தில் என் பெயர். 'மூடியவர்' என்ற இடத்தில் உங்கள் முழுப்பெயர், கடை விலாசத்தோடு. நீங்கள் வளையத்துக்குப் பொட்டு வைக்கும் படத்தை ஐயாவே பெருமையாகக் கம்பனியின் பேஸ்புக்கில் போட்டிருந்தார். அதையும் பக்கத்தில் ஒட்டி, ஒரு பிரதியை அணைக்கட்டு அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் வந்து உங்கள் பெயருக்கு நேரே ஒப்பமிட்டுப் போங்கள் மாமா. ஒரு கையெழுத்துத்தானே.